ஜான்சன் முதலில் தொட்டது பட்ஜெட்டை

தலைமைப் பண்பு வகுப்புகளில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பெயர் வந்தாலே ஆறடிக்கு மேல் உயரமான ஆள் எதிராளியின் மேல் சாய்ந்து மிரட்டும் அந்தப் புகைப்படத்தைத்தான் காட்டுகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அவர் போட்ட வரிசையை.

1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டு ஜான்சன் அந்த இடத்துக்கு வந்தபோது வரிக்குறைப்பு மசோதாவும் சிவில் உரிமை மசோதாவும் தேங்கிக் கிடந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் செனட்டில் இருந்தால், சிவில் உரிமையை எதிர்த்த தென்மாநில செனட்டர்கள் முதலாவதைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடச் சொல்வார்கள். ஆகவே வரியை முன்னதாகவே முடித்தாக வேண்டும். அதை முடக்கி வைத்திருந்தவர் நிதிக் கமிட்டித் தலைவர் ஹாரி பைர்ட். பட்ஜெட் 10,000 கோடி டாலருக்குக் கீழே வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஜான்சன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. துறை துறையாக வெட்டி 9,790 கோடிக்குக் கொண்டுவந்தார். பைர்டின் மனம் மாறவில்லை, வழி மட்டும் விட்டார். அது போதும்.

1964 பிப்ரவரி 26-ல் வரிச் சட்டம் கையெழுத்தானது. அதே நாளில் சிவில் உரிமை மசோதாவை, அதை எதிர்த்த தென்மாநில செனட்டர் ஈஸ்ட்லண்ட் தலைமையிலான நீதிக் கமிட்டிக்கு அனுப்பாமல், நேராக அவையின் அலுவல் பட்டியலில் ஏற்றினார்கள். அந்தக் கமிட்டிக்குள் போயிருந்தால் வெளியே வந்திருக்காது.

அடுத்தது பிலிபஸ்டர், பேசிப் பேசியே நாளைக் கடத்துவது. இதில் எதிர்ப்பவர்களுக்குச் செலவு குறைவு. ஒருவர் பேசினால் போதும், மற்றவர்கள் ஓய்வெடுக்கலாம். அவர்கள் கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, கேட்டால் 51 பேரைத் திரட்டிக் காட்ட வேண்டியது ஆதரவாளர்கள்தான். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஆள் தேறாமல் அவையே கலைந்தது. இதைச் சமாளிக்க, மசோதாவை அவையில் முன்னின்று நடத்திய செனட்டர் ஹம்ப்ரி உறுப்பினர்களுக்கு முறை போட்டு உட்கார வைத்தார்.

பிலிபஸ்டரை முடிக்க 67 வாக்கு வேண்டும். ஜான்சனின் ஜனநாயகக் கட்சியில் சரியாக 67 பேர் இருந்தார்கள், ஆனால் அதில் 23 பேர் எதிர்ப்பு. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான டெர்க்சன் இல்லாமல் கணக்கு நேராகாது. திருத்தங்களை அவர் அறையிலேயே பேசி முடித்தார்கள், பாராட்டையும் அவருக்கே விட்டுக்கொடுக்கும்படி ஹம்ப்ரியிடம் ஜான்சன் சொல்லியிருந்தார். பெயர் எடுக்க ஆசைப்படும் தலைவர்களுக்கு இந்த இடம்தான் கசக்கும்.

ஜூன் 10-ல் பிலிபஸ்டரை முடிக்கும் வாக்கெடுப்பு 71-29. குடியரசுக் கட்சியில் 27 பேர் ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு. அந்த ஆறில் ஒருவரான பாரி கோல்ட்வாட்டர்தான் நவம்பர் தேர்தலில் ஜான்சனை எதிர்த்து நின்றவர்.