போளை ஏன் நின்றது?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையிடம் "விசை என்றால் என்ன?" என்று தொடங்கினால் பாடம் அதோடு சரி. தள்ளு, இழு என்ற இரண்டு சொல் போதும். ஒரு போளையை உருட்டிவிட்டு, அது நின்றதும் "ஏன் நின்றது?" என்று கேளுங்கள். "களைச்சுப் போச்சு" என்று மறுமொழி வரலாம். திருத்த வேண்டாம், சோதித்துப் பார்க்க விடுங்கள்.

ஒரு அங்குலப் பிளாஸ்ரிக் குழாயில் ஒரு மீற்றர் வெட்டி நெடுக்காகப் பிளந்தால் இரண்டு பீலி. வாள் பட்ட ஓரத்தை மண் கடதாசியால் தேய்த்துவிடுங்கள். வளவில் கிடக்கும் பனைமட்டைக்குக் காசில்லைத்தான். ஆனால் கருக்கு கையைக் கிழிக்கும், தும்பில் தட்டிப் போளை துள்ளும். கலிலியோவே மரத்தில் வெட்டிய பள்ளத்துக்கு வழுவழுப்பான தோல்தாள் ஒட்டித்தான் குண்டை உருட்டினார். 1638 இல் வந்த நூலில் எழுதியிருக்கிறார்.

பீலியின் ஒரு நுனியை அப்பியாசக் கொப்பிகளால் 3 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் சீமெந்து நிலத்தில் போளை சுவரில் முட்டித்தான் நிற்கும், அளக்க ஒன்றும் இராது. கீழ் நுனியில் குழாயின் தடிப்பு ஒரு படிபோல நிற்கும். அதன்மேல் கடதாசித் துண்டு ஒட்டாவிட்டால் போளை துள்ளித் திசை மாறும்.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் விடுகிற கைதான். பிள்ளை தன்னையறியாமல் ஒரு தள்ளுத் தள்ளும். அடிமட்டத்தைக் குறுக்கே பிடித்துப் போளையை மறித்து, அடிமட்டத்தை மட்டும் தூக்கச் சொல்லுங்கள்.

முதலில் சீமெந்து, பிறகு விரித்த சாக்கு, கடைசியில் அரித்த மணல். ஒவ்வொன்றிலும் மூன்று தரம். எங்கே நிற்கும் என்று முதலே சோக்கால் கோடு கீறவேண்டும். ஓடிய தூரத்துக்கு நூல் வெட்டிச் சுவரில் தொங்கவிட்டால், எண் தெரியாத பிள்ளையும் ஒப்பிடும். மணலில் போளை சட்டென்று புதைய, இன்னும் இரண்டு கொப்பி அடுக்கக் கை போகும். அங்கே மட்டும் மறியுங்கள்: உயரமும் மாறினால், நிறுத்தியது மணலா, உயரமா என்று சொல்ல முடியாது.

மற்றப் பீலி போட்டிக்கு. கராஜில் பழைய பெயரிங் குண்டொன்று, போளையின் அளவிலேயே, கேட்டு வாங்குங்கள். பாரமானதுதான் வெல்லும் என்று எல்லாரும் கத்துவார்கள். இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும். இனிக் கீழே வெறும் நெருப்புப்பெட்டி ஒவ்வொன்று வையுங்கள். இரும்பு முட்டிய பெட்டி கூடத் தூரம் போகும். "உராய்வு", "விசை" என்ற சொற்களை இதற்குப் பிறகு சொன்னால் போதும்.

தவழுகிற தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் போளைகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.