பெரிய தாவல்களும் நான் தெரிவு செய்த பியானோப் பாடங்களும்

சென்ற ஆண்டு முழுவதும், பியானோவில் கை தொலைவிலுள்ள கட்டைக்குப் பாயவேண்டிய பெரிய தாவல்களில் என் கை ஒரு கட்டை தள்ளியே விழுந்துகொண்டிருந்தது. உவர்மலைக் கடற்காற்றில் ஈரம் ஏறி, அழுத்தினால் எழ மறுக்கும் கட்டைகள் இரண்டு மூன்றைக் கொண்ட என் பழைய பியானோவின் மீது முதலில் பழியைப் போட்டேன். நண்பர் வீட்டு டிஜிட்டல் பியானோவிலும் அவ்வாறே தவறியதால் அந்தச் சாக்கு நிலைக்கவில்லை.

கோளாறு நான் எடுத்துக்கொண்ட பாடத்தில் இருந்தது. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் 1851இல் வெளியிட்ட ‘லா கம்பனெல்லா’வில் வலது கை இரண்டு ஸ்தாயி வரை, அதாவது ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் தூரம், கண் இமைக்கும் நேரத்தில் தாவவேண்டும். அப்பெயருக்குச் சிறு மணி என்று பொருள். என் வீட்டிலோ அது வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த கதையாயிற்று. அந்த வேகத்தில் விரல் எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்க்க அவகாசமே கிடைப்பதில்லை என்பதால், நாள்தோறும் நான் பழகியது தாவலை அல்ல, தவறுவதை.

ஆகவே பிரெஞ்சு இசையமைப்பாளர் சாட்டியின் மெதுவான முதலாம் ‘ஜிம்னோபெடி’க்கு இறங்கினேன். தாளத்தின் முதல் அடியில் தாழ்ந்த ஒற்றைச் சுரம், இரண்டாம் அடியில் மேலே ஒரு சுரக்கூட்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள். இடையில் ஒரு முழு அடி நேரம். கண்ணை மூடிக்கொண்டு கையை நகர்த்தி, கட்டைகளை அழுத்தாமல் தொட்டு நிறுத்தி, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்ப்பேன். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதால், வெள்ளைக் கட்டையில் இறங்கும்போதுகூடச் சிறுவிரல் அவற்றின் ஓரத்தை உரசி இடத்தை அறிந்துகொள்கிறது. மூன்றாம் வாரத்தில், விரல்கள் பின்னால் இழுபட, முழங்கையே முன்னே செல்லத் தொடங்கியதைக் கவனித்தேன். கையை உயரத் தூக்கி வளைவாக இறக்கும் பழக்கம் அதன்பின் தானாகக் குறைந்தது.

அடுத்தது போலந்து இசையமைப்பாளர் ஷொப்பின் மறைந்த பின்னரே அச்சேறிய, ஏ மைனரில் அமைந்த வோல்ட்ஸ் என்ற நடன இசை. இடது கையின் தாவல் பெரும்பாலும் ஒரே சாயலில் திரும்பத் திரும்ப வந்தாலும், தூரம் மாறிக்கொண்டே இருக்கும். எத்தனை தாவல்கள் உள்ளன என்பதை வைத்துப் பாடத்தைத் தெரிவு செய்வது, என் பார்வையில், பிழையான வழி. மற்றக் கையைப் பாராமல் விட்டுவிட முடியுமா என்பதே கேள்வி. தாவும் கையைப் பார்க்கக் கண் வேண்டியிருக்கும்போது மற்றக் கையும் கண்ணைக் கேட்டால், இரண்டும் கெடும்.

இப்போது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்கொட் ஜோப்லினின் ‘தி என்டர்டெய்னர்’ (1902) நடக்கிறது. வேகமாக வாசிக்கவேண்டாம் என்று அவரே குறித்திருக்கிறார்; அந்தக் குறிப்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஒரு மாத்திரைக்கட்டுக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) இரண்டு தாவல்கள் வருவதோடு, கீழே பல இடங்களில் ஒரு ஸ்தாயி அகலத்துக்கு விரல்களை விரிக்கும் ஒக்டேவ் விரிப்பும் இருப்பதால், கை விரிந்து, சுருங்கி, மீண்டும் விரியவேண்டும். முதற்பகுதியை மட்டும் இடது கையால் தனியே வாசிக்கிறேன். நேற்று மாலை பன்னிரண்டு முறையில் ஒன்பது முறை சரியாக விழுந்தது. தவறிய மூன்றும் ஒரே இடத்தில் என்பதால், இன்று அந்த இரண்டு மாத்திரைக்கட்டுகள் மட்டுமே.