ஜிப்சியின் அடிவயிற்றுச் சத்தம்

நவம்பர் 18

சில வாரங்களாகச் சந்தேகமாக இருந்த சத்தம் இன்று தெளிவாகவே கேட்டது. கிளட்ச்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் நொடியில் ‘டொக்’ என்று ஒரு அடி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொன்று. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது இருக்கைக்கு நேர் கீழே இரும்பு இரும்பை அறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சத்தமே இல்லை. ஆகவே ஷாக் அப்சார்பர் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. விசையின் திசை மாறும்போது மட்டும் கேட்கும் சத்தம் என்றால், இன்ஜினிலிருந்து சக்கரம் வரை உள்ள வழியில் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது.

1997-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, நான்கு சக்கர இயக்க வண்டி. தாண்டிக்குடி தோட்டத்துப் பாதைகளில் காப்பியும் மிளகும் சுமந்தே அதன் ஆயுள் கழிந்திருக்கிறது. வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிரவுன் பினியன் போய்விட்டது சார், செட்டாக மாற்றிவிடலாம்” என்றார். பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி அது. எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பற்கள் தேய்ந்திருந்தால் வேகத்தோடு கூடிக் குறையும் ஊளைச் சத்தம் வந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் ஊளை இல்லை. ஓடி ஓடி ஒன்றோடொன்று பழகிய பற்களைப் பிரித்தால் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளியையும், பல் படியும் தடத்தையும் மறுபடி அமைக்க வேண்டும். நன்றாக இருக்கும் டிஃபரன்ஷியலைச் சந்தேகத்தின் பேரில் திறப்பது பெரிய அநியாயம்.

நவம்பர் 19

ஜிப்சியில் கியர்பாக்ஸும், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாக ஒட்டியிருப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகிறது. அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், முன் ஆக்ஸிலுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் கிராஸ் உண்டு. சாய்ந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு அது; அதன் நான்கு தண்டுகளும் ஊசி பேரிங் உள்ள கப்புகளில் உட்காரும். ஆக மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ். டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸில் ரப்பர் மவுண்டிங்குகளில் தொங்குகிறது. சத்தம் சேஸிஸ் வழியாக எங்கும் பரவுவதால், காது காட்டும் இடத்தை நம்பி எதையும் மாற்றக் கூடாது.

இன்று செய்தது எளிய வேலை. பின் பட்டை வில்லின் யூ போல்ட்டுகளை ஸ்பானர் போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. அவை தளர்ந்தால் ஆக்ஸிலே முறுக்கிக்கொண்டு இதே சத்தத்தைத் தரும். பிறகு கிரீஸ் கன். ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் வரிப்பல் இணைப்பான ஸ்ப்லைன் காய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போதும் கிளம்பும்போதும் அது சிக்கி விடுபட்டு அடிக்கும். ஸ்ப்லைனுக்கு கிரீஸ் ஏற்றியும் சத்தம் குறையவில்லை. ஆனால் குட்டை ஷாஃப்ட்டின் பின் கிராஸுக்கு ஏற்றியபோது நான்கு கப்புகளில் மூன்றில்தான் பழைய கிரீஸ் வெளியே வந்தது. நான்காவது வாயைத் திறக்கவே இல்லை.

நவம்பர் 21

சமதளத்தில் நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு அடியில் படுத்தேன். டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் மாட்டும் தட்டான பினியன் ஃபிளேஞ்சிலும் டிஃபரன்ஷியல் கூட்டிலும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு. பின் ஷாஃப்ட்டை இரு கைகளாலும் முன்னும் பின்னும் திருப்பினேன். கோடு விலகியது, ஆனால் ஒரு விரற்கடைக்கும் குறைவாகத்தான். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு இடைவெளி, அதன் பல் விகிதத்தால் கிட்டத்தட்ட நான்கு மடங்காகப் பெருகித்தான் ஷாஃப்ட்டில் தெரியும். இதைக் காட்டித்தான் பல பட்டறைகளில் ‘பிளே’ என்று பயமுறுத்துகிறார்கள். ஷாஃப்ட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. கிராஸில் துளியும் இருக்கக் கூடாது.

பின் ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸும் உறுதி. முன் ஷாஃப்ட்டும் அப்படியே. குட்டை ஷாஃப்ட்டைத் திருப்பியபோது விரலைக் கப்பின் மேல் வைத்திருந்தேன். ஷாஃப்ட் முதலில் நகர்ந்தது. ஒரு ‘டிக்’ ஒலிக்குப் பிறகே டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளேஞ்ச் நகர்ந்தது. கப்பின் சீலைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் பொடி. உள்ளே ஊசி பேரிங்குகள் துருவாக அரைபட்டு வெளியே வருவதன் அடையாளம் அது.

நவம்பர் 22

கிராஸ் கிடைத்துவிட்டது என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆறில் அந்த ஒன்று மட்டும் ஏன்? அதிகப் பளுவைத் தாங்குவது பின் ஷாஃப்ட்தானே. லோ என்ற மெதுவான, வலுவான நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பெருக்கித் தரும் முறுக்குவிசை அதற்கும் முன் ஷாஃப்ட்டுக்கும்தான் போகிறது, குட்டை ஷாஃப்ட்டுக்கு அல்ல.

தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பியைப் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடிக்கச் சொன்னேன். இன்ஜின் ஓடும்போது அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. பிரேக்கை அழுத்தி மிதித்து, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விட்டேன், பிறகு ரிவர்ஸில். “அண்ணே, பெட்டி ஒரு பக்கம் எழும்பி எழும்பி உட்காருகிறது” என்றான். பெட்டி என்றது டிரான்ஸ்ஃபர் கேஸை. அணைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு மவுண்டிங்கின் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து பிளந்திருந்தது.

இப்போது காரணம் புரிந்தது. மூன்றடி ஷாஃப்ட்டின் ஒரு முனை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கோணம் அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும். ஒரு அடி ஷாஃப்ட்டில் அதே நகர்வு கிட்டத்தட்ட இரண்டு டிகிரி. பெட்டி தொய்ந்ததன் வேதனை முழுவதையும் அந்தக் குட்டை ஷாஃப்ட்தான் சுமந்திருக்கிறது. கிராஸை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அடுத்த காப்பிப் பருவத்துக்குள் இதே சத்தம் திரும்பியிருக்கும்.

நவம்பர் 25

திண்டுக்கல்லிலிருந்து கிராஸும் மவுண்டிங் ரப்பர்களும் வந்தன. ஒன்று மட்டுமே பிளந்திருந்தாலும் ரப்பர்களை எல்லாம் சேர்த்தே மாற்றினேன். புதிதும் பழையதும் கலந்தால் பெட்டி மறுபடி சாயும்.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஸ்ப்லைனின் இரு பாதிகளிலும் பெயின்டால் அடையாளம் வைத்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். கிராஸ் சாய்வாகச் சுழலும்போது வேகம் சீராக இருப்பதில்லை. ஒரு சுற்றுக்குள் இரு முறை கூடிக் குறையும். ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஈடுசெய்ய வேண்டுமானால் ஷாஃப்ட்டின் முனைகளில் கிராஸைப் பிடிக்கும் கவைகளான இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்லைனை மாற்றிச் செருகினால் சத்தம் போய் அதிர்வு வந்துவிடும்.

பழைய கிராஸின் ஒரு தண்டில் ஊசிகள் அழுந்திய பள்ளங்கள் வரிவரியாக இருந்தன. கிரீஸ் வராத அதே கப்புதான். வைஸில் இரண்டு சாக்கெட்டுகளை வைத்து, சிறியதால் தள்ளி, பெரியதுக்குள் வாங்கிப் பழையதை எடுத்தோம். புதியதைப் பொருத்தும்போது, கப்பை நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் ஒன்று பள்ளத்தில் உட்காரவில்லை. அந்த நேரத்தில் சுத்தியலைத் தேடக் கூடாது. கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் ஒரு ஊசி குறுக்கே விழுந்து கிடந்தது. கிரீஸில் ஒட்டவைத்து மறுபடி ஏற்றியதும் சர்க்லிப் சுத்தமாக உட்கார்ந்தது.

நவம்பர் 27

மூட்டைகளோடு பண்ணைக்காடு வரை போய் வந்தேன். கிளட்ச்சை விட்டால் வண்டி மென்மையாக நகர்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் காலை எடுத்து எடுத்து வைத்தும் அந்த அடி வரவில்லை. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது மட்டும் மெல்லிய ஒரு ‘டக்’ மிச்சம் இருக்கிறது. அது சாக்பீஸ் கோட்டில் பார்த்த பின் டிஃபரன்ஷியலின் வயதுக்குரிய இடைவெளி. அதைத் தொடப் போவதில்லை.

தம்பிக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: தார்ச்சாலைக்கு ஏறியதும் நான்கு சக்கர இயக்கத்தை விடுவித்துவிட வேண்டும். இந்த வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள சாலையில் வளைவில் திரும்பும்போது முறுக்கு ஷாஃப்ட்டுகளில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சக்கரம் வழுக்கி ‘டமார்’ என்று விடுபடும். ஓடையைக் கடந்த நாட்களில் மாலையிலேயே ஆறு கிராஸுக்கும் கிரீஸ் ஏற்ற வேண்டும், நான்கு கப்பிலும் அது வெளிவருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். சாக்பீஸ் கோட்டை அழிக்கவில்லை. மிளகு அறுவடை முடிந்ததும் மறுபடி அளந்து பார்ப்பேன்.