மூன்றாவது மாதிரியில் வளையாத அட்டை

நண்பருக்குத் தருவதற்காக நான் கையால் செய்து வரும் மேற்கோள் தொகுப்பின் மாதிரிக் கட்டு, ஓர் இரவு முழுவதும் பாரத்தின் கீழ் இருந்து நேற்றுக் காலை வெளியே வந்தபோது, அதன் அட்டை சிறிதும் வளையாமல் இருந்தது. வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டிய முதல் இரண்டு மாதிரிகளும் காய்ந்ததும் ஓடு போல வளைந்துவிட்டதால், இந்த வெற்றி எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

குறை மைதாப் பசையில் இருப்பதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது தாளின் இழையோட்டத்தில், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசையில் இருந்தது. ஈரம் பட்ட தாள் தன் இழைகளுக்குக் குறுக்காகவே அதிகம் விரிகிறது. காயும்போது அதே திசையில் சுருங்கி, ஒட்டியிருக்கும் அட்டையையும் இழுத்து வளைக்கிறது. ஆகவே தாள், அட்டை, மேலுறை ஆகிய மூன்றிலும் இழை புத்தகத்தின் முதுகுக்கு (தாள்களை மடித்துத் தைக்கும் பக்கத்துக்கு) இணையாக ஓட வேண்டும். முன்பு பயன்படுத்திய ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் இருந்தது. நடுவில் மடித்ததும் அது முதுகுக்குக் குறுக்காகிவிட்டது. இம்முறை நீளவாக்கில் இழை கொண்ட ஏ3 தாளை (297 × 420 மி.மீ.) இரண்டாக வெட்டிய பின் மடித்தேன், இழை முதுகோடு சேர்ந்து நின்றது. விற்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை என்பதால், ஒரு தாளை மட்டும் வாங்கி, எத்திசையில் எளிதாக வளைகிறது என்று கையால் பார்த்த பிறகே மீதியை வாங்குகிறேன்.

எழுதும் வேலை இன்னும் முடியவில்லை. 16 பக்க ஃபாரங்கள் (நான்கு தாள்களை ஒன்றினுள் ஒன்றாக வைத்து மடித்த கட்டுகள்) மூன்று. மேற்கோள்கள் வலப்பக்கத்தில் மட்டும் வருவதால் மொத்தம் 24. இடப்பக்கங்கள் நண்பர் எழுதுவதற்கானவை. தைப்பதற்கு முன்பே எழுதுவதால் பேனா தடையின்றி ஓடுகிறது. ஆனால் 15ஆம் பக்கத்தில் ஒரு சொல்லை விட்டபோது, அதே தாளில் இருந்த 1ஆம் பக்கமும் வீணாயிற்று. இப்போது நீண்ட, கடினமான மேற்கோள்கள் இரண்டை ஒரே தாளில் சேர்த்துவிடுகிறேன். பிழை நேர்ந்தாலும் நன்றாக அமைந்த பக்கம் அதனோடு போகாது.

மேற்கோள்கள் யாவும் நாங்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்த புத்தகங்களில் நண்பர் பென்சிலால் கோடிட்ட வரிகள். நினைவிலிருந்து எழுதாமல் ஒவ்வொன்றையும் அச்சோடு ஒப்பிடுகிறேன். பல ஆண்டுகளாக நான் சொல்லி வந்த ஒரு வரியில் சொற்கள் முன்பின்னாக மாறியிருந்ததை அப்போதுதான் கண்டேன். இதே அளவில் அவருடைய கடிதங்களுக்கு ஓர் உறை செய்யும் எண்ணமும் இருக்கிறது.

மூன்றாம் ஃபாரத்தின் நடுத்தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் வர வேண்டிய வரிகள் உள்ள புத்தகம் இப்போது நண்பரிடம்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் அதைத் திரும்பக் கேட்க வேண்டும்.