டிரைவோல் பூசமுன் கேட்க வேண்டியவை: ஒன்ராறியோவில் புது வீட்டின் சூடும் காற்றும்

அஜாக்ஸ், விற்பி, பிரம்ரன் பக்கம் கட்டிமுடிக்கமுன்பே வீடு வாங்கும் நம்மவர்கள் கிரனைட்டும் பொட் லைட்டும் தெரிவுசெய்ய மணிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். காற்றுக் குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கிரனைட்டைப் பிறகும் மாற்றலாம். டிரைவோல் என்ற உட்சுவர்ப் பலகை பூசியபின் ஒரு குழாயைச் சுவருக்குள் நுழைப்பதென்றால் உடைத்துத்தான் ஆகவேண்டும்.

பில்டரிடம் முதலில் கேட்கவேண்டியது எஃப்280 என்ற கனடியக் கணக்கீட்டு முறைப்படி அறை அறையாகக் கணக்கிட்ட வெப்ப இழப்புத் தாள். ரொறன்ரோப் பகுதியில் மைனஸ் 18, 20 பாகைக் குளிரை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். "பெரிசாய்ப் போட்டால் நல்லது" என்பது பிழையான எண்ணம். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் அளவுக்கு மிஞ்சினால் சில நிமிடம் எரிந்து நின்றுவிடும். தூரத்து அறைக்குச் சூடு போய்ச் சேராது. ஏசியும் அப்படித்தான்: வீடு சட்டெனக் குளிரும், ஈரப்பதம் போகாது, உடம்பு பிசுபிசுக்கும். ஒரு டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு (வெப்ப அலகு) ஏசிக்குச் சுமார் 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 400 கன அடி) காற்று ஓடவேண்டும். திரும்பும் காற்றுக்கான குழாய் சிறிதென்றால் ஏசியின் குளிரூட்டும் கொயிலில் ஐஸ் கட்டும். கராஜுக்கு மேலே படுக்கையறை இருந்தால் அதன் தரைக்கடியில் என்ன இன்சுலேஷன் போடுகிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். வீட்டில் அதிகம் குளிரும் அறை பெரும்பாலும் அதுதான்.

நமது வீடுகளில் உண்மையான சோதனை குசினியில்தான். பல புது வீடுகளில் அடுப்புக்கு மேலே வரும் மைக்ரோவேவ் விசிறி, புகையைக் கரி வடிகட்டிக்குள் இழுத்துத் திரும்பவும் முகத்துக்கே ஊதும். மணம் கொஞ்சம் குறையலாம். நீராவி அப்படியே வீட்டுக்குள் நிற்கும். மீன் பொரிப்பதும் மிளகாய் தாளிப்பதும் அன்றாடம் என்றால், 300 முதல் 400 சிஎஃப்எம் வரை இழுத்து வெளியே தள்ளும் ஹூட் (அடுப்புக்கு மேலான புகை இழுப்பான்) வேண்டும். அதற்குக் குறைந்தது 6 அங்குல உலோகக் குழாய், வளைவு குறைவாக, நேரே வெளிச்சுவருக்குப் போகவேண்டும். சுருங்கி விரியும் குழாயில் எண்ணெய் படிந்து தீப்பற்றும் ஆபத்துண்டு. அற்றிக்குள் (கூரைக்கடி வெளிக்குள்) விட்டால் பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். ஹூட் பலமாக இழுத்தால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கும் வழி வைக்கவேண்டும். இல்லாவிட்டால், புகைபோக்கியை நம்பி எரியும் பழைய வகைத் தண்ணீர்ச் சூடாக்கி இருக்கும் வீட்டில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு உள்ளே திரும்பலாம்.

இன்றைய வீடுகள் காற்றுக் கசியாமல் கட்டப்படுபவை, அதனால்தான் எச்ஆர்வி. வெளியேறும் காற்றின் சூட்டில் பெரும்பகுதியை உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுக்கும் பெட்டி அது. கரண்ட் பில் கூடும், குளிர்காற்று வருகிறது என்று பலர் அதை நிறுத்திவைக்கிறார்கள். ஜனவரியில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதும், வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி படர்வதும் அதனால்தான். குளிர்காலம் முழுக்கக் குறைந்த வேகத்தில் ஓடட்டும். ஈரப்பதம் 30 வீதத்துக்கும் 40 வீதத்துக்கும் இடையில் இருக்கட்டும். மைனஸ் 20 அடிக்கும் நாட்களில் 30 போதும். ஆட்கள் நிறைந்து, மூன்று வேளையும் சமைக்கும் வீட்டுக்கு, ஈரத்தை வெளியே தள்ளும் எச்ஆர்விதான் பொருத்தம். ஈரத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஈஆர்வி, இரண்டு பேர் மட்டும் இருந்து காற்று வறண்டுபோகும் வீட்டுக்குச் சரி. குசினி ஹூட்டை இந்தப் பெட்டியோடு ஒருபோதும் இணைக்க விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதன் உள்ளகத்தை அடைத்துவிடும். வெளிக்காற்றை இழுக்கும் வாய் நிலத்திலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில், புகை வெளிவரும் வாயிலிருந்து 6 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். ஸ்நோ குவிந்து மூடினால் பெட்டி ஓடும், காற்று வராது.

சாமி அறைக்குக் கதவு வைத்த அலுமாரியைத் தெரிவுசெய்தால் கற்பூரப் புகையை வெளியே இழுக்க அங்கே ஓர் இழுவாய் கேளுங்கள். பேஸ்மென்ட்டுக்குக் கோடையில் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வேண்டும்.

சாவி வாங்கமுன் நடக்கும் பரிசோதனையில் குளியலறை விசிறி ஒவ்வொன்றிலும் ஒரு ரிஷுத்தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். சூடு பரவும் அமைப்பிலுள்ள குறைகளுக்கு ராரியன் (ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாத அமைப்பு) உத்தரவாதம் 2 வருடம். முதல் குளிர்காலத்திலேயே எந்த அறை சூடாகவில்லை என்று தெர்மொமீற்றரால் அளந்து, திகதியோடு எழுதிவைத்து அனுப்புங்கள்.