நம்ம கணக்கு எங்க இருக்குது?

"நம்ம கணக்கெல்லாம் எங்கதான் இருக்குது தம்பி?" என்று ஐஸ் கம்பெனி ஐயா கேட்டார். 2024 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நின்றன. "மும்பையில இருக்கு ஐயா" என்றேன். "ஓ" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. மாதக்கணக்கில் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இந்த மூன்று வரியைத்தான்.

எந்தப் படகு எத்தனை ஐஸ் பார் கடனாக எடுத்தது, மீன் விற்ற பிறகு எவ்வளவு கட்டியது. நான் எழுதிக் கொடுத்த செயலி இவ்வளவுதான். மும்பையில் மாதம் ஐந்து டாலர் வாடகைக்கு எடுத்த சர்வர் (கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர்) ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. வரியோடு சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிட்ட வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஒரு பார் விற்காது. சர்வர் வாடகை மட்டும் ஓடும். அந்த பில்லை அன்றைக்குத்தான் அவரிடம் காட்டியிருந்தேன். அதனால் அவர் கேட்ட கேள்வி, 'நம்ம கணக்கை எதுக்கு அவ்வளவு தூரத்தில் வாடகைக்கு வைக்கணும்?' என்று என் காதில் விழுந்தது.

அவர் அப்படிக் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்.

எனக்குச் சொந்த சர்வர் மேல் ஆசை இருந்தது. இதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு பழைய சின்ன கம்ப்யூட்டர் கையில் இருந்தது. சுமார் 40 வாட் இழுக்கும்; நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 29 யூனிட். ஐஸ் கம்பெனியின் கரண்ட் பில்லில் அது கண்ணுக்கே தெரியாது. அதில் உபுண்டு இயங்குதளமும், கணக்கைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் மென்பொருளும் போட்டேன். அங்கிருந்த இணைய இணைப்பில் தனி பொது ஐபி (இணைய முகவரி) கிடையாது, வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அதனால் உள்ளேயிருந்து வெளியே போகும் ஒரு டனல் போட்டு வழி செய்தேன். ஃபோனில் எல்லாம் முன்பு போலவே திறந்தது. அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. காரணங்களும் பொய்யில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு கார்டில் தானாகப் பணம் போவது 2021 அக்டோபருக்குப் பிறகு கறாராகிவிட்டது. ஒருமுறை பணம் போகாமல் சர்வர் அரை நாள் நின்று, பில் போடுகிற பையன் கையில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் துறைமுகத்தில், கம்பெனி ஆபீஸிலேயே வைத்தேன். கம்ப்ரசர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி யூபிஎஸ் கத்தும். உப்புக் காற்று வேறு. ஒரே வாரத்தில் ஐயா வீட்டு முன்னறைக்கு மாற்றினேன். சாயங்காலம் அவர் கணக்குப் பார்க்கும் அறை அது. "இனிமே உங்க மேஜைக்குக் கீழேயே இருக்குது ஐயா" என்றேன். குனிந்து பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருக்குதே" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

வீடு பெண்ணையாற்றுப் பக்கம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். கரண்ட் போனதும் ஐயா வீட்டு இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கியது, அப்புறம் சர்வர் தொடர்பு அறுந்தது. அதற்கு நான் பதறவில்லை. புயல் எச்சரிக்கையில் படகு எதுவும் போகவில்லை, பதிய ஒன்றுமில்லை. கரண்ட் வந்தால் தானாக எழுந்துகொள்ளும் என்றிருந்தேன். டிசம்பர் 2 விடிவதற்குள் அதே ஆற்றின் சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அடுத்த நாளுக்குள் அவர் வீட்டு முன்னறையில் இடுப்பளவு தண்ணீர்.

நான்கு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. சேறு இறங்கிய தரையில் பெட்டி அதே இடத்தில் இருந்தது. தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் அதன் தலையிலேயே இருந்தது. தவறாமல் ஓடிய பேக்கப்தான், ஆனால் இரண்டும் ஒரே மேஜைக்குக் கீழே இருந்தன. இரண்டையும் காயவைத்துப் பார்த்தோம், கடையிலும் கொடுத்துப் பார்த்தோம், எதையும் எடுக்க முடியவில்லை. என் லேப்டாப்பில் நவம்பர் 14 வரைக்கும் ஒரு நகல் இருந்தது, அதுவும் வேறு எதற்கோ எடுத்தது. அதன் பிறகு படகுகள் கடைசியாகப் போய் வந்தது வரை பத்து நாள் கடன் கணக்கு போய்விட்டது.

சுருக்கி வைத்தால் அந்த முழுக் கணக்கும் 4 எம்பி. ஒரு நாளைக்கு ஒருமுறை எனக்கே மெயில் போட்டிருக்கலாம். காசே ஆகியிருக்காது. தூக்கம் வராத ராத்திரியில் வந்து நிற்பது இதுதான்.

மும்பையில் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொள்வேன். உடனே மறுப்பும் வரும். அங்கே பேக்கப்புக்குத் தனிக் காசு என்பதால் வேண்டாம் என்று விட்டவனும் நான்தான். 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஒரு டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறு இடத்தில் நகல் வைக்காதவர்கள் அப்படியே இழந்தார்கள். பணம் கட்டி வைத்திருந்த இடம்தான் அது. ஆகவே வாடகையா சொந்தமா என்பதில் தப்பு இல்லை, நகல் வைக்காததுதான் தப்பு. இப்படி நினைத்தால் மனது கொஞ்சம் லேசாகும். ஆனால் இது முழு உண்மையா? மும்பையில் இருந்தவரை வெள்ளத்தைப் பற்றி நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆற்றுப் பக்கத்து வீட்டில், தரையில் ஒரு பெட்டியை வைத்தபோது யோசித்திருக்க வேண்டும். 2015 வெள்ளம் பார்த்த ஊர். 2011 தானே புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்.

ஐயா திட்டவில்லை. படகுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "கணக்கு தண்ணியில போயிடுச்சுப்பா. நீ எவ்வளவு எடுத்தேன்னு சொல்லு, எழுதிக்கிறேன்." நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஒரு அக்கா தன் நோட்டுப் புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினார். இன்னொருவர் சொன்ன எண்ணிக்கை எனக்குக் குறைவாகப் பட்டது. அந்தப் படகு வழக்கமாக எடுப்பதில் பாதிகூட இல்லை. நான் ஐயா முகத்தைப் பார்த்தேன். "எழுது தம்பி" என்றார். எழுதினேன். அவருக்கு எவ்வளவு நட்டம் என்று இதுவரை சொல்லவில்லை. கொடுக்கிறேன் என்று நான் சொன்னபோதும் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது செயலி மறுபடி மும்பையில் ஓடுகிறது. ராத்திரிக்கு ஒரு நகல் வேறொரு நிறுவனத்தின் சேமிப்புக்கும், இன்னொன்று என் வீட்டு மாடிக்கும் வருகிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்துத் திறந்து, கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன். மாற்றும் முன், "எங்க வைக்கட்டும் ஐயா?" என்று கேட்டேன். "உனக்கு எது தோதோ அங்க வை தம்பி" என்றார். அது நம்பிக்கையா, அலுப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த தடைக்காலத்திலும் வாடகை போனது. பில்லைக் காட்டினேன், தலையசைத்தார். மேஜைக்குக் கீழே அந்த இடம் காலியாக இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் போகவில்லை. போன வருஷம் அந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள் என்று அன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். டீ வந்தது, குடித்தேன், வேறு ஏதோ பேசிவிட்டு பஸ் ஏறினேன்.