ஒரு கிலோமீட்டருக்கு நாற்பத்தோரு நிமிடம்

ஊர் சுற்றக் கிளம்பினால் என் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது, அதில் சும்மா நின்றது எவ்வளவு என்று குறித்துவைப்பேன். அக்காவுக்கு இந்த நோட்டைக் கண்டாலே எரிச்சல்.

சென்ற பயணத்தில் அருங்காட்சியகத்திலிருந்து கோட்டை அடிவாரத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வெயிலுக்குப் பயந்து பஸ்ஸுக்கு நின்றோம். நோட்டில் உள்ளபடி: நின்றது 31 நிமிடம், பஸ்ஸில் 6, கோட்டை வாசலைத் தாண்டி இறக்கிவிட்டதால் திரும்பி நடந்தது 4. நடந்தே வந்திருந்தால் பன்னிரண்டு நிமிடம்.

இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று பலகையில் இருந்தால் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்றுதான் தோன்றும். பஸ்கள் சீராக வந்தால் அது சரி. இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்த இரண்டு நாற்பது நிமிடம் கழித்து வந்தால் சராசரிக் காத்திருப்பே இருபது நிமிடமாகிவிடும். சுற்றுலா பஸ்களில் வேறொரு வம்பு உண்டு. பல, ஒரே திசையில் வட்டமடிப்பவை. விட்டுவந்த இடத்துக்குத் திரும்ப முழு வட்டமும் போயாக வேண்டும்.

வரைபடத்தையும் அப்படியே நம்ப முடியாது. ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடம் தடங்களைத் தெளிவாகக் காட்டும், தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்குவேர், கோவென்ட் கார்டன் நிலையங்களுக்கு இடையே முந்நூறு மீட்டர்கூடக் கிடையாது. படியிறங்கி ரயிலைப் பிடிப்பதற்குள் நடந்து போய்விடலாம்.

மேடு என்றால் கணக்கே வேறு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதிப்படி, சமதளத்தில் மணிக்கு சுமார் ஐந்து கிலோமீட்டர். 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். நூறு மீட்டர் ஏறப் பத்து நிமிடம். அது மலையேறிகளின் கால். அக்காவின் முழங்காலுக்கு நான் இரண்டால் பெருக்கிக்கொள்வேன்.

ஆகவே கோட்டைக்கு ஏற டாக்ஸி, இறங்க நடை என்று பெருமையாகத் திட்டமிட்டேன். மேலே போனதும் டாக்ஸியை அனுப்பிவிட்டேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை என்பதை அக்கா பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். அந்தப் பாதையில் காலி டாக்ஸி எதுவும் வரவில்லை. இப்போதெல்லாம் ஏறும் முன்பே காத்திருப்புக்கு எவ்வளவு என்று பேசிவிடுகிறேன்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரி என்னுடையதல்ல. அக்கா நோட்டைப் பிடுங்கி எழுதியது: "கல்லில் உட்கார்ந்தது 25 நிமிடம். கோட்டையைவிட இங்கிருந்துதான் ஊர் அழகாகத் தெரிந்தது."